கணக்கு அது போடட்டும், சரிபார்ப்பது யார்?

நண்பர்களே, எங்கள் பேட்ச்சின் குட்டை நானே உடைத்துவிட்டு ஆரம்பிக்கிறேன். இந்த மலரைப் பிரின்ஸிபால் சாரும் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். டிப்ளமோ முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்ற தைரியம்!

இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோ லெவலைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்ற வேண்டிய நாங்கள் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு ஸ்டாஃப் ரீடிங்கையும் எழுதி முடித்தோம். எப்படி என்கிறீர்களா? ஆர்.எல். எவ்வளவு வர வேண்டும் என்பது முந்தின பேட்ச் அண்ணன் ஒருவரின் நோட்டில் இருந்தது. விடையில் இருந்து பின்னோக்கி நடந்தோம். ஒரு ரீடிங் 1.435, அடுத்தது 1.280. எல்லாம் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்தால் சார் பிடித்துவிடுவார் என்று இடையிடையே ஒரு 7, ஒரு 3 தூவினோம். கடைசியில் செக் போட்டோம். பேக்சைட் மொத்தத்தில் ஃபோர்சைட் மொத்தத்தைக் கழித்தால் வருவது, ரைஸ் மொத்தத்தில் ஃபால் மொத்தத்தைக் கழித்தால் வருவது, கடைசி ஆர்.எல்.லில் முதல் ஆர்.எல்.லைக் கழித்தால் வருவது, இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. கனகச்சிதமாக இருந்தது!

நிஜமாகவே வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த பக்கத்து பேட்ச்சுக்கு, சுற்றிவந்து பெஞ்ச் மார்க்கில் முடிக்கும்போது 8 மில்லிமீட்டர் இடித்தது. எங்களுக்கு இடிக்கவே இல்லை. அவர்களுக்கு 7 மார்க். எங்களுக்கு 9.

சிரிக்காதீர்கள். மெக்கானிக்கல் லேப்பிலும் எலக்ட்ரிக்கல் லேப்பிலும் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும்.

இந்தப் பழைய கதையை இப்போது எதற்கு எடுத்தேன் என்றால், போன வருஷம் முழுக்க எல்லோரும் பேசிய ஒரு சமாச்சாரம் என்னை அந்த வேப்பமரத்தடிக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டது. எக்செல்லுக்குள் ஏ.ஐ. வந்துவிட்டது என்கிறார்கள் இல்லையா, அதுதான்.

புது எக்செல்லைத் திறந்தால் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறது. நாம் தங்கிலீஷில் தட்டினாலும் ஓரளவு புரிந்துகொள்கிறது. மைக்ரோசாஃப்ட் இதற்கு கோபைலட் என்று பெயர் வைத்து 2023 மார்ச்சில் அறிவித்தது. கூகுள் ஷீட்ஸில் ஜெமினி. 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சம், ஆவரேஜ் எழுதுகிற மாதிரி செல்லுக்குள் சமக்குறி போட்டு, கோபைலட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் நம் கேள்வியை வாக்கியமாகவே எழுதிவிட்டால் பதில் அந்தக் கட்டத்தில் வந்து உட்காரும்படி ஒரு வசதியைச் சோதனைக்கு விட்டார்கள். அடுத்த மாதமே ஏஜென்ட் மோட் என்று ஒன்று. வேலையைச் சொன்னால் போதும், அதுவே ஷீட் போட்டு, ஃபார்முலா எழுதி, சார்ட் வரைந்து, நடுவில் தப்பு தெரிந்தால் தானே திருத்திக்கொண்டும் வருமாம்.

பொய் சொல்லக் கூடாது. நல்ல வசதிதான். வி-லுக்அப் எழுதி, எங்கே கமா விட்டோம் என்று ஒரு மணி நேரம் தேடியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதற்கு முன்பே 2013 எக்செல்லில் ஃபிளாஷ் ஃபில் என்று ஒன்று வந்தது, கவனித்திருக்கிறீர்களா? பெயரும் இனிஷியலும் சேர்ந்து இருக்கும் பட்டியலில் முதல் ஒன்றிரண்டை மட்டும் நாம் பிரித்துக் காட்டினால், மீதி அறுபது பெயரையும் அதுவே பிரித்துவிடும். அதற்கு அடிப்படையான ஆராய்ச்சியைச் செய்தவர் நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த சுமித் குல்வானி. ஹாஸ்டல் மெஸ் பில் பட்டியலை நான் அதில்தான் போடுகிறேன்.

ஆனால் உள்ளே நடப்பது என்ன? இந்தப் பெட்டிக்குள் இருப்பதை மொழி மாதிரி என்கிறார்கள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பழகிக்கொண்டது. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றுவதை எழுதித் தரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். நாங்கள் எழுதிய 1.435 கூடப் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்! ஒரே வித்தியாசம், நாங்கள் ஸ்டாஃபைப் பார்க்கவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குத் தெரியாது.

இது வெறும் உவமையாகவே நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இன்-பிளான்ட் ட்ரெயினிங் போன இடத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். ஊரும் பேரும் வேண்டாம். இரண்டு மாடிக் கட்டடம், தகர ஷீட் போட்ட சைட் ஆபீஸ், ஒரு லேப்டாப். சைட் இன்ஜினியர் என்னிடம் பார் பெண்டிங் ஷெட்யூலைக் கொடுத்து, “டயா வாரியா எத்தனை கிலோன்னு டோட்டல் போட்டுக் குடுப்பா, சாயந்திரம் கம்பிக்கு ஆர்டர் சொல்லணும்” என்றார்.

சிவில் படிக்காத நண்பர்களுக்காக ஒரு வரி. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கம் பண்ணி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 16 எம்.எம். கம்பி என்றால் 256-ஐ 162-ஆல் வகுக்க 1.58 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஒன்று ஏறக்குறைய 19 கிலோ.

எல்லாவற்றையும் ஷீட்டில் அடித்தேன். டோட்டல் போடும் நேரம் வந்ததும் பெட்டியைத் திறந்து, டயா வாரியாக மொத்தம் கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் அட்டவணை ரெடி. தலைப்புக்கு நீலக் கலர், ஒரு வரி விட்டு ஒரு வரி சாம்பல் கலர், பக்கத்தில் வட்டப் படம் வேறு. 16 எம்.எம். 303 கிலோ. நான் இதுவரை எடுத்த எந்த பிரிண்ட்டும் அத்தனை அழகாக இருந்ததில்லை.

கம்பி கட்டும் மேஸ்திரி டீ குடிக்க உள்ளே வந்தவர், தாளை எட்டிப் பார்த்தார். எக்செல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

“தம்பி, பதினாறு எம்.எம். இவ்வளவுதானா?”

“ஆமாண்ணே. கம்ப்யூட்டர்ல போட்டது.”

“தூணு மொத்தம் பதினாலு. தூணுக்கு ஆறு கம்பின்னா எம்பத்தி நாலு. ஒரு முழுக் கம்பியில நாலு மீட்டர் துண்டு மூணு வரும். அப்போ இருபத்தெட்டு கம்பி ஆச்சா? நீ பதினாறு கம்பிக்குத்தானே எடை போட்டு வெச்சிருக்கே?”

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். 28-ஐப் பத்தொன்பதால் பெருக்கினால் 532. என் தாளில் 303. கிட்டத்தட்ட 228 கிலோ, அதாவது 12 கம்பி காணோம்!

எங்கே போயிற்று என்று தேடினேன். முதல் வகைத் தூண் எட்டுக்கும் டயா கட்டத்தில் 16 என்று எண்ணாக அடித்திருந்தேன். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு அடித்த அடுத்த வகை ஆறு தூணுக்கு, கை தன்பாட்டுக்கு “16 எம்.எம்.” என்று எழுத்தோடு அடித்துவிட்டது. 16-ஐ மட்டும் கூட்டிய ஃபார்முலா, எழுத்து ஒட்டிய கட்டங்களை விட்டுவிட்டது. தப்பு என்னுடையது. கையால் சம்இஃப் எழுதியிருந்தாலும் இதே தப்பு நடந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கையால் எழுதியிருந்தால் நான் அந்த வரிசைகளை மேலும் கீழும் ஒரு தடவையாவது உருட்டிப் பார்த்திருப்பேன். நீலத் தலைப்பையும் வட்டப் படத்தையும் பார்த்ததும் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. மறுநாள் தூணுக்குக் கம்பி நிறுத்த ஆள் சொல்லியாகிவிட்டது. மேஸ்திரிக்கு அன்றைக்கு டீ வேண்டாம் என்று தோன்றியிருந்தால் ஆறு தூணுக்குக் கம்பி இல்லாமல் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. திரும்பப் போய்ப் பெட்டியிடம், 16 எம்.எம். கணக்கு தப்பா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டு, நான் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டது. சரி, பார்க்கலாம் என்று, மிகச் சரியாக இருந்த 8 எம்.எம். கணக்கைக் காட்டி, இதுவும் தப்புதானே என்று அதட்டினேன். அதற்கும் மன்னிப்பு! புது எண் ஒன்றையும் கொடுத்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதிலை மாற்றும் நம்மைப் போலவே இருந்தது எனக்கு.

ஸ்பிரெட்ஷீட் பிறந்த கதை தெரியுமா? ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண்ணில் தப்பு என்றால், அதைத் தொட்டு வரும் எல்லா எண்ணையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து எழுதிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மேக்கின்டாஷுக்கு எக்செல். அத்தனைக்கும் அடிநாதம் ஒன்றே: ஒரு கட்டத்தில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தக் கட்டமே சொல்லும். எஃப்2-ஐத் தட்டினால் ஃபார்முலா தெரியும். எந்தக் கட்டத்தை எடுத்தது, எதை விட்டது, எல்லாம் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தால் ஒரு மாணவன் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது நம்ம ஆள் கதை.

2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும், சராசரியாகப் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதாடியவர்கள் எல்லாம் இந்தக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவருக்கு, வெளிவந்த கட்டுரை ஒன்றை எடுத்து அதே விடையைத் திரும்ப வரவழைக்கும்படி வகுப்பு வேலை கொடுத்தார்கள். அவர் இதை எடுத்தார். விடை வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் வரவில்லை. நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? பெரியவர்கள் சொன்ன விடையில் இருந்து பின்னோக்கி நடந்திருப்போம்! அவர் எழுதிக் கேட்டு, அந்த எக்செல் ஷீட்டையே வாங்கினார். கட்டத்தைத் தட்டிப் பார்த்தார். 30-ஆம் வரிசையில் இருந்து 49-ஆம் வரிசை வரை சராசரி எடுக்க வேண்டிய இடத்தில் 44-ஆம் வரிசையோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் வெளியே! வேறு சில குறைகளையும் சேர்த்து, தன் பேராசிரியர்களோடு 2013 ஏப்ரலில் வெளியிட்டார். எல்லாவற்றையும் திருத்திப் போட்டால் மைனஸ் 0.1 இருந்த இடத்தில் 2.2 சதவீதம் வந்தது. ஷீட்டில் தப்பு நடந்தது உண்மை என்று அந்த இரண்டு நிபுணர்களும் ஒப்புக்கொண்டார்கள். மற்ற வாதங்களில் சண்டை தொடர்ந்தது, அது நமக்கு எதற்கு?

ஐந்து வரிசை விட்டுப்போனதை அவர் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? கட்டத்துக்குள் ஃபார்முலா இருந்தது. அதே இடத்தில் ஒரு பெட்டி சும்மா மைனஸ் 0.1 என்று எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால், எஃப்2 தட்டினால் என்ன தெரியும்? மைனஸ் 0.1 தெரியும்!

ஆகவே என் கட்சி இதுதான். ஏ.ஐ. என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வேண்டும் வேண்டாம் என்று பட்டிமன்றம் நடத்துவதில் பிரயோஜனம் இல்லை. அது மூன்று விதமான வேலை செய்கிறது. ஃபார்முலா எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கும். அது கட்டத்துக்குள் கண் முன்னால் நிற்கும், படிக்கலாம், புரியாவிட்டால் விளக்கச் சொல்லியும் கேட்கலாம், கணக்கை எக்செல்லே போடும். இதை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன், நீங்களும் பயன்படுத்துங்கள். இரண்டாவது, விடையையே எழுதச் சொல்வது. ஐம்பது புகார்களைப் படித்து இது தண்ணீர்ப் பிரச்சினை, இது கரண்ட் பிரச்சினை என்று பிரிப்பது மாதிரி வார்த்தை வேலைக்கு இது சரி. எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். இதை நான் சொல்லவில்லை. கோபைலட்டைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தபோது மைக்ரோசாஃப்டே, கணக்குப் போடுவதற்கு இதை எடுக்காதீர்கள், துல்லியம் வேண்டிய வேலைக்கு சம், ஆவரேஜ், இஃப் போன்ற பழைய ஃபார்முலாக்களையே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. விற்கிறவனே சொல்கிறான், வாங்குகிறவன் காதில் விழ வேண்டுமே!

மூன்றாவது, ஷீட்டையே ஒப்படைத்துவிடுவது. ஏஜென்ட் மோட் அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு மதிப்பெண்ணும் வெளியிட்டது. ஸ்பிரெட்ஷீட்பெஞ்ச் என்ற பரீட்சையில் அது வாங்கியது 57.2 சதவீதம். அதே பரீட்சையில் மனிதர்கள் வாங்கியது 71.3. பாஸ் மார்க் 40 என்று பார்க்கும் நமக்கு 57 பெரிய மார்க்தான். ஆனால் கம்பி ஆர்டருக்கு? இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதர்களும் நூற்றுக்கு நூறு வாங்கவில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, 65,536 வரிசையோடு முடிந்துவிடும் பழைய எக்செல் ஃபைலைப் பயன்படுத்தி, கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகளின் பதிவைச் சில நாள் கோட்டைவிட்டது. அதில் ஏ.ஐ. எதுவும் இல்லை, எல்லாம் மனித மூளைதான். அதிகப் புத்திசாலித்தனத்தாலும் கோளாறு வரும். மார்ச்1 என்று பெயருள்ள ஜீனை எக்செல் தானாகவே மார்ச் மாதம் 1-ஆம் தேதி ஆக்கிவிடும். விஞ்ஞானிகள் போராடிப் பார்த்து, 2020-இல் ஜீனின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

இப்போது நம் வயிற்றுப் பிரச்சினைக்கு வருகிறேன்.

டிப்ளமோ முடித்தவனுக்கு முதல் வேலை என்ன? சீனியர்களைக் கேளுங்கள். சிவில் என்றால் அளவெடுத்து எம்-புக் எழுதுவது, குவான்டிட்டி எடுப்பது, பில் தயார் பண்ணுவது. மெக்கானிக்கல் என்றால் புரொடக்ஷன் ரிப்போர்ட், ஸ்டாக் ரெஜிஸ்டர். எல்லாம் கட்டம் போட்ட வேலை. அந்த வேலையைப் பெட்டி பாதி நேரத்தில் முடித்துவிடுகிறது. நாளைக்கே நம்மை வேண்டாம் என்பார்களா? எனக்குத் தெரிந்த சைட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்த மேஸ்திரிக்கு 28 கம்பி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பல வருஷம் கம்பியைத் தோளில் தூக்கி, அளந்து, வெட்டி வந்தது. எங்கள் சைட் இன்ஜினியருக்கு, ஷீட்டைப் பார்த்ததும் ஏதோ இடிக்கிறதே என்று ஒரு உணர்வு வருகிறதே, அது அவர் ஜூனியராக இருந்தபோது கையால் ஆயிரம் டோட்டல் போட்டு, திட்டு வாங்கி வந்தது. அந்த ஆயிரம் டோட்டலையும் பெட்டி போட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்து சரிபார்க்கிற சீனியராக நாம் எப்படி ஆவோம்? ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிட்டு மேலே வா என்றால் என்ன அர்த்தம்?

இதற்குக் காலேஜில் செய்யக்கூடியது இருக்கிறது. சங்கத்தின் பொதுக்குழுவில் இதைக் கோரிக்கையாகவே வைக்கப் போகிறேன். ஏ.ஐ. கூடாது என்று லேப்பில் நோட்டீஸ் ஒட்டுவதால் ஒன்றும் நடக்காது. மூன்று சிஸ்டத்துக்கு ஒரு மவுஸ் என்று இருக்கும் நம்ம லேப்பில் அது வந்து சேரவே இன்னும் பல காலம் ஆகும் என்பது வேறு விஷயம்! அதற்குள் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. அசைன்மென்ட் எல்லாம் அதில்தான் நடக்கிறது, சார்களுக்கும் தெரியும். அதனால் பரீட்சையை மாற்றச் சொல்வோம். முடித்த ஷீட்டை நம் கையில் கொடுங்கள். உள்ளே நான்கு தப்பு ஒளித்து வையுங்கள். ஒரு சம் இரண்டு வரிசை முன்னாலேயே நிற்கட்டும். ஓர் இடத்தில் எண் எழுத்தாக இருக்கட்டும். ஓர் இடத்தில் மில்லிமீட்டரும் மீட்டரும் கலந்திருக்கட்டும். ஃபார்முலா வர வேண்டிய இடத்தில் ஒரு வெறும் எண் உட்கார்ந்திருக்கட்டும். அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வைவாவில் கேளுங்கள். ஏ.ஐ.யை வைத்துக்கொண்டும் தேடட்டும், தடையில்லை. இதற்குப் பணம் கட்டி வாங்கும் சாஃப்ட்வேர்கூட வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

அதோடு இன்னொன்று, இது சார்களுக்கு. 8 மில்லிமீட்டர் இடித்த பேட்ச்சுக்கு 7, இடிக்காத பேட்ச்சுக்கு 9 என்று இனிமேல் போடாதீர்கள். இடித்ததை அப்படியே எழுதி, எங்கே இடித்திருக்கலாம் என்று காரணமும் எழுதியவனுக்கு 9 கொடுங்கள். எங்களுக்கு எத்தனை கொடுக்கலாம் என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன். மார்க் ஷீட் வந்துவிட்டது, இனி திருத்த முடியாது!

அந்த மேஸ்திரி எப்போதும் சரி, பெட்டி எப்போதும் தப்பு என்று எழுதி முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நடந்தது அப்படி இல்லை. மறு வாரம் ஸ்லாப் கம்பி. இந்தத் தடவை பெட்டியிடம் ஃபார்முலா மட்டும் கேட்டு வாங்கி, ஒரு வரியைக் காகிதத்திலும் போட்டுப் பார்த்தேன். 6 மீட்டர் நீளத்துக்கு 125 மில்லிமீட்டர் இடைவெளியில் 48-உம் ஒன்றும் 49 துண்டு. மேஸ்திரி சென்டரிங் பலகையில் சாக்பீஸால் 41 என்று எழுதி வைத்திருந்தார்.

“அண்ணே, நாப்பத்தொம்போது வருதே.”

“இல்ல தம்பி, அரை அடிக்கு ஒண்ணு. நாப்பத்தொண்ணுதான். உன் பெட்டி மறுபடி உளறுது.”

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஷீட்டைத் திறந்து 125 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். டிராயிங்கில் இருந்து நானே அடித்தது. டிராயிங்கை விரித்தோம். மூலையில் ரிவிஷன் 2 என்று போட்டிருந்தது. இடைவெளியை 150-இல் இருந்து 125-ஆகக் குறைத்திருந்தார்கள். அவர் மனதில் இருந்தது முதல் டிராயிங். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரத் துணியால் 41-ஐத் துடைத்துவிட்டு 49 என்று பெரிதாக எழுதினார்.

“அந்தப் பழைய டிராயிங் ஆபீஸ்ல ஆணியில தொங்குது பாரு, அதை மொதல்ல எடுத்துடு தம்பி. அதைப் பார்த்து இன்னும் எவனாவது வெட்டிடப் போறான்.”